வச்சிரபோதியும் பல்லவ நாட்டு வச்சிரயானமும்

மந்திரம், முத்திரை, மண்டலம் மூன்றையும் குருவின் தீட்சை வழியே பெற்று, இப்பிறவியிலேயே புத்தநிலை எய்தலாம் என்னும் பௌத்த மறைநெறி வச்சிரயானம். திபெத்தை வைத்தே இதைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற பேராசான்களுள் ஒருவர் காஞ்சியிலிருந்து கடலேறியவர்.

மந்திர நம்பிக்கை தமிழ்ப் பௌத்தத்துக்குப் புதிதன்று. வேற்றுருக் கொள்ளவும், வான்வழி செல்லவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்களைக் காப்பிய நாயகி மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வமே அருளுகிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசன'த்தில் சைவக் காபாலிகன் ஒருவனையும் பௌத்தத் துறவியையும் காஞ்சியில் மோதவிடுகிறான். கேலி நாடகம்தான், ஆயினும் 7ஆம் நூற்றாண்டில் இரு சமயத்தாரும் அங்கே அருகருகே வாழ்ந்ததற்கு அது நல்ல சான்று.

வச்சிரபோதி 671இல் பிறந்தவர். அவர் தென்னாட்டு மலயத்தவர் என்கிறது ஒரு சீன வரலாறு. நடு இந்திய அரச குலத்தவர் என்கிறது மற்றொன்று. நாளந்தாவில் பயின்றார். காஞ்சியில் மழை பொய்த்தபோது பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனான இராசசிம்மனின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் சடங்கு செய்ய, மழை பெய்தது எனச் சீன வரலாறு கூறும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும், விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலையும் எழுப்பிய சிவபத்தன் அவன். அத்தகைய மன்னன் பௌத்த ஆசானை நாடினான் என்ற செய்தியே மழைக் கதையைவிட முக்கியமானது எனலாம்; அரசவையில் சமய வேலி அவ்வளவு உயரமாக இருக்கவில்லை.

இலங்கையின் அபயகிரி விகாரையில் தங்கித் திரும்பிய வச்சிரபோதி, மீண்டும் கடலேறி ஸ்ரீவிஜயம் வழியே 719இல் குவாங்சோ அடைந்தார். மறு ஆண்டே இராசசிம்மனின் தூதும் சீனம் சென்றது. சீனத்தின் பொருட்டு அவன் எழுப்பிய கோயிலுக்குத் தாங் பேரரசர் பெயர் சூட்டியனுப்பினார். 723இல் வச்சிரபோதி வச்சிரயான நூலான தத்துவசங்கிரகத்தின் சுருக்கத்தைச் சீன மொழியில் பெயர்த்தார். 741இல் லுவோயாங்கில் மறைந்தார்.

அவர் மாணவர் அமோகவச்சிரர் இலங்கை சென்று, நூல்களைத் திரட்டிக்கொண்டு 746இல் சீனம் திரும்பினார். அமோகவச்சிரரிடம் கற்ற ஹுய்குவோ, 805இல் ஜப்பானியத் துறவி கூகாய்க்குத் தீட்சை அளித்தார். கூகாய் நிறுவிய ஷிங்கோன் பிரிவு வச்சிரபோதியைத் தன் ஆசான் எண்மருள் ஒருவராக இன்றும் போற்றுகிறது.