மேற்கு அறை

1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு அயர்லாந்தில் ஒரு பெருங்காற்று அடித்தது. கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன. எழுபது வருஷங்களுக்குப் பிறகு அந்தக் காற்று பல கிழவர்களுக்குச் சோறு போட்டது என்றால் வாசகர்கள் சிரிக்கலாம்.

1908-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு முதியோர் பென்ஷன் சட்டத்தை நிறைவேற்றிற்று. எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். அயர்லாந்தும் அப்போது அந்த ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் அங்கே எல்லாப் பிறப்புகளையும் பதியத் தொடங்கியதே 1864-இல்தான். வயதுக்கு அத்தாட்சி? பெருங்காற்று அடித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது என்றார்கள் கிழவர்கள். எத்தனை பேருக்கு உண்மையிலேயே நினைவிருந்ததோ!

வயதைக் கடந்தால் வரும்படி என்று இன்னொரு வாசல். வருஷத்துக்கு 21 பவுனுக்குள் இருந்தால் முழுப் பென்ஷன்; பிறகு படிப்படியாகக் குறைந்து, 31 பவுன் 10 ஷில்லிங்குக்கு மேல் போனால் ஒன்றும் கிடையாது. உடம்பில் சக்தியிருந்தும் உழைக்காமலே காலம் தள்ளியவனுக்கும் கிடையாது என்று சட்டம் சொல்லிற்று. ஒரு கிழவனின் ஆயுள் உழைப்பை எந்தப் படியால் அளப்பது?

அயர்லாந்துக் குடியானவனுக்கு நிலம்தான் உயிர். அது கையில் உள்ளவரை அவன் எஜமான். மகனுக்கு நாற்பது வயதானாலும் ஊர் அவனைப் 'பையன்' என்றே அழைத்தது. பையனுக்குக் கூலி கிடையாது, கல்யாணமும் கிடையாது. என்றோ ஒரு நாள் நிலம் வரும் என்ற நம்பிக்கைதான் கூலி.

இந்த வீட்டுக்குள் ஐந்து ஷில்லிங் நுழைந்தது. நிலம் தகப்பன் பேரில் இருந்தால் வரும்படி எல்லையைத் தாண்டிவிடும். மகன் பேருக்கு எழுதிவிட்டால்? பென்ஷனுக்காகவே சொத்தைக் கைவிட்டால் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று சட்டம் எச்சரிக்கத்தான் செய்தது. ஆனால், மகன் கல்யாணத்துக்காக எழுதினேன் என்று கிழவன் சொன்னால் அவன் மனசுக்குள் புகுந்து பார்ப்பது யார்? விசாரிக்க வந்தவர் கலால் இலாகா உத்தியோகஸ்தர். சாராயத்தை அளந்து பழகியவர். தீர்மானிக்கிற கமிட்டியோ உள்ளூர்க் கமிட்டி.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தைக் கொடுத்த கிழவன் முன்பெல்லாம் மருமகள் கையை எதிர்பார்த்தவன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தபாலாபீசிலிருந்து ரொக்கம் கொண்டுவருகிறவன்! ஆனால் எழுபது வயது என்ற அதே கெடுவுக்காகத் தகப்பன் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கல்யாணத்துக்குக் காத்துக் கிடந்த பையன்களும் உண்டு.

நாடு சுதந்திரம் பெற்றது. 10 ஷில்லிங்காக உயர்ந்திருந்த பென்ஷனில் 1924-இல் ஒரு ஷில்லிங்கை வெட்டினார் நிதி மந்திரி எர்னஸ்ட் பிளைத். அந்த ஒரு ஷில்லிங்கை ஜனங்கள் வெகுகாலம் மறக்கவில்லை.

1930-களில் கிளேர் ஜில்லாவில் தங்கி ஆராய்ந்த அமெரிக்கரான அரென்ஸ்பர்க், மகன் கல்யாணம் ஆனதும் கிழவனும் கிழவியும் மேற்கு அறைக்குக் குடிபோவதை எழுதியிருக்கிறார். சாமி படங்களும், செத்துப்போனவர்களின் போட்டோக்களும், வீட்டின் நல்ல சாமான்களும் அந்த அறையில்தான் இருக்கும். அடுப்பு மட்டும் இனி மருமகளுடையது.