தலையில் தைத்த மஹர்

நகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகையும் அந்தஸ்தையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த நகை யாருக்குச் சொந்தம் என்று கேட்பது குறைவு. பலஸ்தீனக் கிராமத்துப் பெண்களின் காசுத் தலையணிகளை இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இத்தலையணிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. வடக்கே கலிலேயாவில் ‘ஸ்மாதே’ இருந்தது. முகத்தைச் சுற்றி வளையும் திண்டு ஒன்றில் வெள்ளிக் காசுகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். கிறிஸ்தவர்கள் செறிந்து வாழ்ந்த பெத்லகேமில் ‘ஷத்வே’ என்ற உயரமான விறைத்த தொப்பி. முன்பக்கம் காசும் பவளமும், மேலே வெள்ளை முக்காடு. கலியாணம் முடித்த பெண்தான் அதை அணிவாள், குமருக்கு இல்லை. ஹெப்ரோனுக்குத் தெற்கே மணப்பெண்கள் ‘வுகாயத் அத்தராஹிம்’ அணிந்தார்கள். பெயரின் பொருளே காசுத் தொப்பி. உஸ்மானியக் காசுகளோடு ஒஸ்திரியாவின் மரியா தெரேசா வெள்ளிக் காசும் இத்தகைய தலையணிகளில் இடம்பெற்றது.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மஹரிலிருந்து. தலையணியில் தைத்த காசு பெண்ணின் சொத்து. கஷ்டகாலத்தில் அவள் அதைக் கழற்றி விற்கலாம். ஒரு காசு குறைந்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். ஆகவே அது சும்மா அலங்காரமல்ல, ஊரார் பார்வையில் இருந்த கணக்கு.

ஆனால் முழு மஹரும் அவள் தலைக்கு வந்து சேரவில்லை. பின்லாந்து ஆய்வாளர் ஹில்மா கிரான்க்விஸ்ட் 1920களில் பெத்லகேமுக்கு அருகிலுள்ள அர்தாஸ் என்ற முஸ்லிம் கிராமத்தில் தங்கி, கலியாண வழக்கங்களை ஆராய்ந்து 1931இலும் 1935இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அங்கே மணப்பணம் வாப்பாவின் கைக்குப் போனது. அதில் ஒரு பகுதிதான் நகையாக மகளிடம் வந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ‘பதல்’ கலியாணமும் நடந்தது. சூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் மஹரைப் பெண்ணுக்கே கொடுக்கச் சொல்கிறது. வழக்கமோ வாப்பாவையும் பங்காளியாக்கியது. காசுத் தொப்பியை இரவல் வாங்கி அணிந்த மணப்பெண்களும் இருந்தார்கள். அவர்கள் தலையில் மின்னியது குடும்பத்தின் கௌரவம். அவர்களுடைய சொத்து அல்ல.

1948இல் ஊரிழந்து அகதியான பெண்கள் பலர் இக்காசுகளை விற்றுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். மஹர் எதற்காக என்பது அந்த நேரத்தில் வெளிப்பட்டது.

எங்கட நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மஹரோடு, மணமகளின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் ‘கைக்கூலி’யையும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டையும் மனைவி கேட்டுப் பெறலாம். ஆனால் கைக்கூலி பெரிய தொகையாகவும், மஹர் பெயருக்கு ஒரு தொகையாகவும் எழுதப்பட்ட கலியாணங்கள் நாம் அறியாதவையல்ல. பழைய காவின் பதிவுகளில் மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்க இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். எங்கட பெண்களின் அந்தஸ்தை நகைப்பெட்டியை விட அந்தப் பக்கங்களே சரியாகச் சொல்லும்.