ஸ்டெக்மயர் பீர் ஆலையும் அதன் தகரத் தட்டுகளும்

ஸ்டெக்மயர் பீர் ஆலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்-பேரி நகரில் 1857 முதல் 1974 வரை இயங்கியது. ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்தப் பெயரைச் சேகரிப்பாளர்கள் மறக்கவில்லை. அதற்கு முக்கியக் காரணம், மதுக்கூடங்களில் கோப்பைகளைச் சுமந்து திரிந்த வண்ணத் தகரத் தட்டுகள்.

நிறுவனர் சார்லஸ் ஸ்டெக்மயர் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் 1821-இல் பிறந்தவர். பீர் காய்ச்சும் தொழிலை அங்கேயே பழகி, 1849-இல் கப்பலேறினார். இரண்டு ஆண்டுகளில் வில்க்ஸ்-பேரிக்கு வந்துசேர்ந்தார். சஸ்குவஹானா ஆற்றங்கரையில் ஆந்த்ரசைட் நிலக்கரி தோண்டிய ஊர் அது. சுரங்கத்திலிருந்து தொண்டை வறண்டு வெளியேறும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் பக்குவப்படுத்தும் லாகர் பீர் அவர்களுக்குப் பிடித்துப்போனது.

மாமனார் ஜார்ஜ் பேயருடன் கூட்டுச் சேர்ந்து 1857-இல் ஸ்டெக்மயர் தொழிலைத் தொடங்கினார். 1873-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆலை அவர் கையை விட்டுப் போனது. ஆனால் மனிதர் ஓயவில்லை. மகன் கிறிஸ்டியனைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தலையெடுத்தார். 1894-இல் கோபுரங்களுடன் செங்கல் கட்டடம் எழுந்தது. 1897-இல் நிறுவனம் முறைப்படி பதிவானது. 1910-க்கும் 1913-க்கும் இடையே பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ரோம் கண்காட்சிகளில் எட்டுத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. அந்தப் பெருமையே பின்னாளில் ‘கோல்டு மெடல்’ என்று பீரின் பெயரில் ஏறியது.

தகரத் தட்டு விளம்பரத்தின் வேர் பக்கத்து மாநிலமான ஒகையோவில், கொஷாக்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே பத்திரிகை நடத்திய ஜாஸ்பர் மீக், 1880-களில் பள்ளிப் பிள்ளைகளின் சணல் பைகளில் செருப்புக் கடை விளம்பரத்தை அச்சிட்டுப் பார்த்தார். பை போகும் இடமெல்லாம் கடையின் பெயரும் போனது. அவரும், போட்டியாகக் கிளம்பிய எச். டி. பீச்சும் விரைவிலேயே துணியிலிருந்து தகரத்துக்கு மாறினார்கள். மீக்கின் நிறுவனம் 1909-இல் ‘அமெரிக்கன் ஆர்ட் வொர்க்ஸ்’ ஆனது. கோகோ கோலா தட்டுகள் பலவற்றை அச்சிட்டதும் அதுதான்.

தகரத்தில் அச்சிடுவது லேசான வேலையல்ல. தகரம் மையை உறிஞ்சாது. படம் வரைந்த அச்சுக் கல்லை நேராக வைத்து அழுத்தினால் படம் சீராக விழாது. 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். படம் முதலில் கல்லிலிருந்து ஓர் உருளைக்குப் போகும், உருளையிலிருந்து தகட்டில் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒவ்வொரு நிறம் ஏறியதும் தகட்டை அடுப்பில் வைத்துக் காயவிட வேண்டும். எல்லா நிறமும் ஏறிய பிறகுதான் தகட்டை அழுத்தி விளிம்பு எழுப்புவார்கள். விளிம்பு எங்கே வளையும் என்பதைக் கணக்கிட்டே ஓவியர் தட்டைப் பரப்பில் வரைந்திருக்கிறார். அந்தக் கைத்திறனை எண்ணும்போது, இவற்றை வெறும் விளம்பரச் சாமான் என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

பெண்ணின் முகம், வேட்டை நாய், குதிரை போன்ற படங்களை அச்சகங்களே ஆயத்தமாக வைத்திருந்தன. எந்த ஆலை கேட்டாலும் அதன் பெயரைச் சேர்த்துக் கொடுத்தன. ஆலையின் தோற்றத்தை வரைந்த தட்டு அப்படிப்பட்டதல்ல. அது அந்த ஒரே ஆலைக்கு உரியது. ஸ்டெக்மயர் தட்டுகளில் ஆலைக் கட்டடம் இடம்பெற்றவற்றுக்குத் தனி மதிப்பு இருப்பது இதனால்தான். இத்தகைய ஆலைப் படங்களில் கட்டடம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்படி வரைவது அந்தக் கால வழக்கம். இவற்றை விடச் சிறிய தட்டுகளும் உண்டு. மீதிச் சில்லறை வைத்துக் கொடுக்கப் பயன்பட்டவை.

1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் தட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1933 ஏப்ரல் 7-இல் பீர் விற்பனை மீண்டும் சட்டபூர்வமானது. அதன்பின் வந்த தட்டுகளில் பெரும்பாலும் நிறங்கள் குறைந்து, படங்கள் எளிமையாகிவிட்டன. அதனால் சேகரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, தட்டு மதுவிலக்குக்கு முந்தையதா பிந்தையதா என்பது. நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும் விதமும், பொடியெழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஈரக் கோப்பையும் ஈரத் துணியும் தினமும் பட்ட பொருள் என்பதால் கீறலும் துருவும் இல்லாத தட்டு அரிது. அழுக்கை நீக்குகிறேன் என்று அழுத்தித் தேய்த்தால் அச்சும் சேர்ந்து போய்விடும்.

1940 வாக்கில் ஆலை ஆண்டுக்கு சுமார் 5,00,000 பீப்பாய் பீர் தயாரித்தது. பிறகு தேசிய அளவிலான பெரு நிறுவனங்கள் உள்ளூர்ச் சந்தையைப் பிடித்தன. 1959-இல் சஸ்குவஹானா ஆறு நாக்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்து 12 பேர் இறந்த விபத்தோடு அப்பகுதியின் ஆழச் சுரங்கத் தொழிலும் ஒடுங்கியது. 1972-இல் ஆக்னஸ் சூறாவளி வெள்ளம் நகரை மூழ்கடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டெக்மயர் பெயரை அதே ஊரின் லயன் ஆலை வாங்கிக்கொண்டது.

கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1979-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்று, பின்னர் புதுப்பிக்கப்பட்டு அரசு அலுவலகமானது. பழைய தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கு மார்க்கெட் தெருவில் நின்றால், படத்தில் இருக்கும் கோபுரங்களை எதிரிலேயே பார்க்கலாம்.