ஆர்சனிக்கைப் பிடிக்கும் துருத் துகள்: சென்னை ஐஐடியின் குடிநீர் வடிகட்டி

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் இன்றும் உண்டு. கிருமிகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நீரில் கரைந்திருக்கும் உலோகங்கள் கொதித்தாலும் போகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது ஆர்சனிக். நிறமில்லை, சுவையில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் கரும்புள்ளிகள், உள்ளங்கைத் தடிப்பு, புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கிருமி இல்லாத தண்ணீர் வேண்டுமென்று தோண்டிய குழாய்க் கிணறுகளே இந்த நஞ்சைக் கொடுத்தன.

அடையாறை ஒட்டியுள்ள சென்னை ஐஐடியின் வேதியியல் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் இதற்கு உருவாக்கியதுதான் 'அம்ரித்' வடிகட்டி. ஆர்சனிக்குக்கு இரும்புத் துருவின் மீது இயல்பாகவே ஒட்டுதல் அதிகம். துருவின் ஒரு வகை மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால் அதன் பரப்பளவு பெரிது. ஆனால் நாளடைவில் அது வேறு படிகமாக மாறி, பிடிக்கும் திறனை இழந்துவிடும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் அந்தத் துகள்களைச் சிறைப்படுத்தி இம்மாற்றத்தைத் தடுத்தார்கள். கிடைத்தது ஆற்று மணல் போன்ற குருணை. தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது ஆர்சனிக் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள்.

இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆர்.ஓ. இயந்திரம் போல் பாதித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவதும் இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளி அயனிகளை வெளியிடும் இதே வகைக் குருணையைக் கொண்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவில் சுத்தமான குடிநீர் தரலாம் என்று இக்குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கூறியது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் சர்வதேச நீர் விருது 2022-ல் அவருக்கும் அவர் குழுவினருக்கும் வழங்கப்பட்டது.

எந்தக் குருணைக்கும் கொள்ளளவு உண்டு. இடம் நிரம்பிய பின் நஞ்சு அப்படியே கீழே இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. எனவே வடிகட்டி வாங்கும்போது எத்தனை லிட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய சென்னைப் பகுதிகளில் பெரிய தொல்லை ஆர்சனிக் அல்ல. உப்பும் கடினத்தன்மையும் இரும்பும்தான். அதற்கு வேறு வகைச் சாதனம் வேண்டும். முதலில் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்துவிட்டுக் கடைக்குப் போவதே பணத்துக்கு நல்லது.

இதே உத்தி வேறு இடங்களில் தலைகீழாகப் பயன்படுகிறது. அங்கே வேண்டியது தண்ணீர் அல்ல, அதிலுள்ள உலோகம். கலிபோர்னியாவின் சால்டன் ஏரிப் பகுதியில் பூமிக்கடியிலிருந்து வரும் கொதிநீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீரில் பேட்டரிக்கு வேண்டிய லித்தியமும் கரைந்திருக்கிறது. அலுமினியம் சார்ந்த குருணையில் லித்தியத்தை ஒட்டவைத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிப் பிரித்தெடுக்க அங்கே முயற்சிகள் நடக்கின்றன.