தொட்டியில் பெருகிய ஆக்சலாட்டல்

மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ நீர்நிலைக்குரிய சாலமாண்டர் இனம் ஆக்சலாட்டல். இளம்பருவச் செவுள்களை உதிர்க்காமலே இது முதிர்ந்து முட்டையிடும்.

1864-இல் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையின் அகஸ்ட் துமேரில் ஆறு ஆக்சலாட்டல்களைப் பெற்றார். மறு ஆண்டே அவை இனம் பெருக்கின. குஞ்சுகளுள் சில செவுள் இழந்து, நிலச் சாலமாண்டர்களாக மாறின! அறிஞர்கள் வியந்தனர். தைராய்டு சுரப்புநீர் போதாமையாலேயே இவ்வினம் வழக்கமாக உருமாறுவதில்லை என்பது பின்னர் விளங்கிற்று.

துமேரில் வளர்த்தவற்றின் சந்ததி ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பரவிற்று. ஆய்வுக்கூடங்களிலிருந்து வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கும் ஆக்சலாட்டல் வந்து சேர்ந்தது. தாயகத்தின் நிலையோ வேறு. 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்தன. கழிவுநீரும், அங்கே விடப்பட்ட கெண்டை, திலேப்பியா மீன்களுமே முக்கியக் காரணங்கள்.

தொட்டி ஓர் உயிரை வளர்க்கலாம். இனத்தைக் காக்க அதன் நீர்நிலையே வேண்டும்.