மகமையும் மலைச்சரக்கும்

ராசிங்காபுரத்திற்கு மேலைமலைகளில் விளையும் ஏலக்காயின் விலை, கடல் கடந்த குவாதமாலாவின் விளைச்சலாலும் ஏறியிறங்குகின்றது. தனித்து நிற்கும் சிறு விவசாயி இதனை யாங்ஙனம் தாங்குவன்?

முற்காலத்தே மாட்டுவண்டியிற் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர், கள்வர்க்கஞ்சி வழியிற் பேட்டைகள் அமைத்தனர். அவற்றின் செலவிற்கென விற்ற சரக்கின்மேல் மகமை என்னும் சிறு தொகை வைத்தனர். அப்பொதுப் பணத்தாலன்றோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது! காமராசர் பயின்றதும் ஆங்கே. கூடி முதலிடும் அப்பழக்கமே 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாயிற்று. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியெனப் பெயர் மாறியது; குலப்பெயர் நீங்கியது நன்றென்பதே எம் கருத்து.

நிற்க. எக்குலத்தார் தோட்டமென வினவாது, நம் மலைச்சரக்கிலும் மூட்டைக்கொரு சிறு மகமை வைப்போமாயின், பொதுவிலோர் உலர்சாலையும் கிடங்கும் எழும். விலை வீழ்ந்த மாதத்திற் காயை விற்காது காத்து வைக்கலாம்.