பிளாக்செயின் வழி அயல்நாட்டு வாணிபம்

ஒரே கணக்கேட்டின் பிரதிகளைப் பல ஸ்தாபனங்கள் ஏககாலத்தில் வைத்துக்கொண்டு, எழுதியதை எவரும் தனித்து மாற்ற இயலாதபடி பிந்திய பதிவை முந்தியதோடு கணித முத்திரையால் பிணைக்கும் முறையை, தேசாந்தர வர்த்தகத்துக்கும் பணம் செலுத்துதற்கும் பிரயோகித்தல். சரக்கு நங்கூரமிட்ட பின்பும் அதற்குரிய தஸ்தாவேஜுகள் தபாலில் வந்துகொண்டிருக்கும் பழைய சங்கடத்துக்குப் பரிகாரமாக எழுந்தது இது.

ஐசிஐசிஐ வங்கி 2016 அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் என்பிடி வங்கியுடன் இதைப் பரீட்சித்தது. 2018 நவம்பரில், ரிலையன்ஸ் அமெரிக்க ட்ரைகான் நிறுவனத்துக்கு விற்ற சரக்குக்கான கடனுறுதிப் பத்திரத்தை ஐஎன்ஜி, எச்எஸ்பிசி வங்கிகள் இவ்வாறே நடத்தின. எனினும் ஏடு எத்துணை பழுதற்றதாயினும், அதில் எழுதப்படும் எடை மெய்தானா என்பதை அது அறியாது. அதற்குத் துறைமுகத் தராசும் சுங்க அதிகாரியும் வேண்டும். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்னும் இத்தகைய வர்த்தக ஏடு, வர்த்தக உலகின் முழு ஒத்துழைப்புக் கிட்டாமல் 2023இல் மூடப்பட்டது.

இம்முறை கருதும் பணப்போக்கும் சரக்குப்போக்கும் காரைக்காலிலும் உண்டு. இடையிடையே ஆங்கிலேயர் வசமிருந்த காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த அவ்வூருக்கு, பிரான்சின் ஓய்வூதியமும் வளைகுடா நாடுகளில் உழைப்போரின் சம்பாத்தியமும் இன்றும் கடல் கடந்து வருகின்றன. 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்காலின் வாஞ்சூர்த் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் நிலக்கரியே பிரதானம்.